பதினோரு மணிக்குச் சிரித்த சிரிப்பு

டிவியில் வேலை பார்த்தேன் என்று சொன்னால் ஜனங்கள் முதலில் என் முகத்தை உற்றுப் பார்ப்பார்கள். எங்கேயும் பார்த்த ஞாபகம் வராது. "கேமராவுங்களா?" என்பார்கள். இல்லை. "லைட்டுங்களா?" அதுவும் இல்லை. கைதட்டல் என்பேன். தட்டுவது அல்ல, தட்ட வைப்பது. அதற்கப்புறம் காப்பி வருவதற்குக் கொஞ்சம் தாமதமாகும்.

போன மாதம் நான் இருந்த சேனலிலிருந்து ஒரு பெண் போனில் பேசினாள். என் வேலைக்குப் புதிதாக வந்தவள். இனிமேல் கேம் ஷோக்களுக்கு ஆட்களையே அழைத்து வரப்போவதில்லையாம். கம்ப்யூட்டரே முந்நூறு முகங்களை உண்டாக்கி, சிரிக்கச் சொன்னால் சிரித்து, அழச் சொன்னால் அழுதுவிடுமாம். "நெசமான ஆளுங்கள வெச்சு நீங்க எப்படிங்கண்ணா பண்ணுனீங்க? நாலு பக்கம் எழுதிக் குடுங்களேன்" என்று கேட்டாள். நான் படித்து எழுதுகிறவன் அல்ல, பேசுகிறவன். பேசுகிற மாதிரியே எழுதிவிடுகிறேன். நாலு பக்கத்தில் நிற்குமா என்பதுதான் சந்தேகம்.

இந்த வேலைக்குப் பள்ளிக்கூடம் கிடையாது. காந்திபுரத்தில் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் வேனை நிறுத்தி, மைக்கில் பேசிப் பெட்ஷீட் ஏலம் விட்டுக்கொண்டிருந்தேன். ஒருவர் நின்றால் நாலு பேர் நிற்பார்கள். நாலு பேர் நின்றால், என்ன விற்கிறது என்றே தெரியாமல் நாற்பது பேர் நிற்பார்கள். அந்த முதல் ஆள் மட்டும் நம்முடைய ஆளாக இருக்க வேண்டும். டிவி கேம் ஷோவின் மொத்த சாஸ்திரமும் இவ்வளவுதான், மிச்சமெல்லாம் லைட்டு. ஒருநாள் பஸ்ஸுக்காக நின்ற ஒரு மனிதர் என்னிடம் இரண்டு பெட்ஷீட் வாங்கிவிட்டுப் போகாமல் நின்றார். "எனக்கு இது வேண்டியதே இல்லீங்க. எப்படிங்க என்னைய வாங்க வெச்சீங்க?" என்றார். அவர்தான் சந்திரசேகர் சார். அடுத்த வாரம் நான் அவரிடம் வேலைக்குச் சேர்ந்தேன்.

சார் நிகழ்ச்சி இயக்குநர். சினிமாவில் காட்டுகிற மாதிரி தொப்பி போட்டுக் கத்துகிற ஆள் இல்லை. குரலே எழும்பாது. கழுத்தில் ஒரு ஸ்டாப் வாட்ச் தொங்கும். கோபம் வந்தால் அதை எடுத்து வேட்டியில் துடைப்பார், அவ்வளவுதான். பார்வையாளர்களிடம் அத்தனை மரியாதையாகப் பேசுவார். "அம்மணி, சித்தே அதிர்ச்சியா இருங்க." "ஐயா, உங்குளுக்குக் கண்ணு கலங்கோணுமுங்க, ஆனா அவசரமில்லீங்க." ஒருமுறை ஒரு போட்டியாளர் தோற்றுப்போய் மேடையிலேயே மயங்கி உட்கார்ந்துவிட்டார். எல்லோரும் தண்ணீர் எடுக்க ஓடினோம். சார் பக்கத்தில் போய்க் குனிந்து, "ஏனுங்க, கொஞ்சம் இக்கட்ட, கேமராப் பக்கம், திரும்பி மயங்கீட்டீங்கன்னா நெம்ப உதவியா இருக்குமுங்க" என்றார். மயங்கியவரும் திரும்பிக்கொண்டார். எங்கள் ஊர் மரியாதை அப்படி. கேட்டால் மறுக்க வராது.

சூலூர்ப் பக்கம் ஓட்டம் நின்றுபோன ஒரு நூல் மில்லின் கிடங்குதான் எங்கள் அரங்கம். நிகழ்ச்சி எளிமையானது. மூன்று பெட்டிகள். போட்டியாளர் கேள்விகளுக்குப் பதில் சொல்லிக் கடைசியில் ஒரு பெட்டியைத் திறக்க வேண்டும். ஒன்றில் தங்க நெக்லஸ். ஒன்றில் கிரைண்டர். மூன்றாவதில் சீமாறு, மற்ற ஊர்களில் விளக்குமாறு என்பார்கள். கிரைண்டர் வைத்ததில் எங்களுக்குக் கொஞ்சம் சங்கடமிருந்தது. கோயமுத்தூரில் கிரைண்டர் விழுந்தால் யாரும் குதிப்பதில்லை. "எங்க மச்சான் கம்பெனியே அதுதானுங்களே" என்று முகத்தைச் சுளிப்பார்கள். அதனால் கிரைண்டருக்கு மட்டும் கைதட்டலை இரண்டு பங்கு ஏற்றிப் போடச் சொல்லியிருந்தார் சார்.

சீமாறு வேண்டாமே, மனசு கஷ்டமாக இருக்கிறதே என்று ஆரம்பத்தில் ஒருமுறை அவரிடம் சொன்னேன். சார் வாட்சைத் துடைத்தார். "பழனி, நெக்லஸை ஜனங்க ஒருக்கா பாப்பாங்க. சீமாத்தைப் பாக்க வாராவாரம் வருவாங்க" என்றார். அது உண்மைதான். வீட்டில் உட்கார்ந்து பார்க்கிறவர் ஒருநாளும் தோற்றதில்லை. பெட்டி திறக்கும் முன்பே, "ரெண்டாவதுதான், ரெண்டாவதுதான்" என்று சோபாவிலிருந்து கத்துவார். சரியாக வந்தால் அவர் ஜெயித்தார். தப்பாக வந்தால், 'நான் அப்பவே மனசுக்குள்ள மாத்திட்டேன்' என்பார். மேடையில் நிற்கிற ஒருவர் தோற்க, இத்தனை வீடுகளில் இத்தனை பேர் ஜெயிக்கிறார்கள். இதைவிட ஜனங்களைச் சந்தோஷப்படுத்துகிற வியாபாரம் எனக்குத் தெரிந்து இல்லை.

இனி என் பங்கைச் சொல்கிறேன். காலை பத்தரைக்குப் பார்வையாளர்கள் வந்து இறங்குவார்கள். பெரும்பாலும் மகளிர் குழுக்கள், கல்லூரிப் பிள்ளைகள், போட்டியாளரின் ஒரம்பரைகள், அதாவது சொந்தக்காரர்கள். கேமராவுக்கு ஒத்துவருகிற முகங்களைப் பொறுக்கி முன்வரிசையில் வைப்பேன். அழகான முகம் என்று அர்த்தமில்லை. மனசில் இருப்பதை மறைக்கத் தெரியாத முகம். கொட்டாவி விடுகிறவர்களும் பட்டுச்சேலை கசங்கும் என்று அசையாமல் இருப்பவர்களும் பின்னால். பதினோரு மணிக்கு, போட்டியாளர்கள் மேக்கப் அறையில் இருக்கும்போதே, மைக்கை எடுத்துக்கொண்டு நான் மேடையேறுவேன். கதை சொல்வேன், கேலி பண்ணுவேன், பாட்டுப் பாடுவேன். எங்களிடம் இருந்த மூன்று கேமராக்களில் இரண்டு முகம் முகமாகப் போய்ப் படம் பிடிக்கும். சிரிப்பு, கைதட்டல், 'ஐயோ', வாய்மேல் கை, சாமி கும்பிடுதல், கண்ணைத் துடைத்தல் என்று எல்லாவற்றையும் வகை வகையாக எடுத்துச் சேர்த்துக்கொள்வோம். அப்புறம் எடிட்டிங்கில் எங்கே எது வேண்டுமோ அங்கே ஒட்டிக்கொள்வார்கள். நிகழ்ச்சி நடக்கும்போது யார் உண்மையில் என்ன செய்தார்கள் என்பதைப் பெரும்பாலும் யாரும் படம் பிடிப்பதே இல்லை. கேமரா மூன்றும் மேடையைப் பார்த்திருக்கும். ஜனங்கள் வீட்டில் பார்த்துவிட்டு, 'அந்த நீலச்சேலைக்காரம்மா எப்படி வேண்டிக்கறாங்க பாருங்க, அவங்களுக்காகவாவது நெக்லஸ் வரோணும்' என்று உருகுவார்கள். நீலச்சேலைக்காரம்மா வேண்டிக்கொண்டது நான் சொல்லி, சாப்பாட்டுக்கு முன்னால்.

இதைத் தப்பு என்று நான் நினைத்ததில்லை, ஒரு நாள் வரைக்கும்.

அந்த வாரம் போட்டிக்கு வந்தவர் தங்கமணியம்மா, பெருந்துறைக்காரர். துணைக்கு வந்த ஒரம்பரைகளில் கோகிலாம்மா என்று ஒருவர். சென்னிமலையில் அவர் வீட்டுக்காரருக்குப் பெட்ஷீட் கடை. தங்கமணியம்மாவின் மகன் கார்த்திக்கும் கோகிலாம்மாவின் மகளுக்கும் நிச்சயமாகி, பத்திரிகையும் அடித்தாகிவிட்டது. சம்பந்தியம்மா டிவியில் வருகிறார், பார்க்காமல் இருக்கலாமா என்று கிளிப்பச்சைப் பட்டுடுத்தி வந்திருந்தார். அவர் முகத்தைப் பார்த்ததுமே முன்வரிசை நடு நாற்காலி அவருக்குத்தான் என்று முடிவு செய்துவிட்டேன்.

பதினோரு மணிக்கு வழக்கமான கதையைச் சொன்னேன். "எங்க ஊட்டுக்காரிகிட்டப் போயி, நான் கைய ஆட்டுனா முந்நூறு பேரு கைதட்டுவாங்கன்னு பெருமை பேசினேனுங்க. அதுக்கு அவ, 'ஏனுங்க, அந்த முந்நூறு பேருக்கும் ஊட்டுல சோறாக்கற வேலையே இல்லீங்களா'ன்னு கேட்டுப்போட்டா." சோற்றை ஆக்கி வைத்துவிட்டு விடியலில் பஸ் ஏறி வந்த பெண்கள் அல்லவா, அரங்கமே குலுங்கியது. கோகிலாம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, பக்கத்துப் பெண்ணின் தோளில் சாய்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தார். கேமராக்காரர் என்னைப் பார்த்துக் கட்டைவிரலைக் காட்டினார்.

மூன்று மணிக்குத் தங்கமணியம்மா பெட்டியைத் திறந்தார். சீமாறு. நான் மேடை ஓரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். கோகிலாம்மா இரண்டு கையையும் தலையில் வைத்து, "அடடா, சம்மந்தி..." என்று எழுந்தே விட்டார். அதை எந்தக் கேமராவும் பிடிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நிகழ்ச்சி வந்தது. தங்கமணியம்மா பெட்டியைத் திறக்கிறார். சீமாறு. அடுத்த நொடி திரை முழுக்கக் கோகிலாம்மா, முந்தானையும் தோளும் கண்ணீருமாகச் சிரிக்கிறார். அப்புறம் மெதுவோட்டத்தில் மறுபடியும். எடிட்டரிடம் பின்னால் கேட்டேன். "வாய்மேல கை வெக்கறது ஏற்கனவே மூணு தரம் போட்டாச்சுங்கண்ணா. ஒரு சேஞ்சுக்குத்தான்" என்றார்.

செவ்வாய்க்கிழமை காலை கோகிலாம்மாவும் அவர் வீட்டுக்காரரும் சேனலில் விலாசம் வாங்கி என் வீட்டுக்கே வந்துவிட்டார்கள். கையில் ஒரு சீப்புப் பூவன் பழம். எங்கள் பக்கம் சண்டைக்கு வந்தாலும் வெறுங்கையோடு வரமாட்டார்கள்.

"ஏனுங்க பழனியண்ணா, நா எப்பங்க சிரிச்சேன்?" என்றார் அந்த அம்மா. "அவங்க ஊட்டுல ஒரம்பரை, அக்கம்பக்கம் எல்லாரையும் கூப்புட்டு வெச்சுப் பாத்தாங்களாமா. அத்தன பேரு முன்னால நா அவங்களப் பாத்து பல்லக் காட்டறனுங்க. ரெண்டு தரம்."

"என்னங்க சொன்னாங்க?" என்று அவர் வீட்டுக்காரரிடம் கேட்டேன்.

"சண்டையெல்லாம் போடலீங்க. 'கண்ணாலத்தக் கொஞ்சம் தள்ளி வெச்சுக்கலாமுங்க'ன்னு மட்டும் சொன்னாங்க."

அதைக் கேட்டதும் என் வீட்டுக்காரியே நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். திட்டியிருந்தால் சமாதானம் பேசலாம். தள்ளி வைத்துக்கொள்ளலாம் என்று மரியாதையாகச் சொல்லிவிட்டால், முடிந்தது என்று அர்த்தம்.

"புள்ளைங்க ரெண்டும் போனுல பேசிப் பேசி அழுகுதுங்க. முகூர்த்தத்துக்கு மூணு வாரந்தானுங்க இருக்குது" என்றார் கோகிலாம்மா. "நீங்கதானுங்க என்னையச் சிரிக்க வெச்சீங்க. நீங்களே சொல்லுங்க."

நேராகச் சாரிடம் போனேன். எடுத்த படத்தில் மணி பதிவாகியிருக்கும், அதைப் போட்டுக் காட்டினால் போதும் என்றேன். சார் எனக்கு டீ வரவழைத்தார். அப்புறம் வாட்சைத் துடைத்தார்.

"பழனி, அந்தம்மா கையெழுத்துப் போட்டுத்தானுங்க உள்ள வந்தாங்க. அந்தச் சிரிப்பு இப்ப நம்முது. மணியக் காட்டிப்போட்டா, இத்தன வருசமா சிரிச்சதெல்லாம் எப்ப சிரிச்சதுன்னு ஊரே கேக்குமுங்களே."

"ஒரு கல்யாணம் நிக்குதுங்க சார்."

"அதைத்தானுங்க நானும் ரோசனை பண்ணறேன்" என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். அவர் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது. "ரெண்டு சம்பந்தியவும் ஒரே மேடையில ஒக்கார வெப்போம். சமாதானம் ஆனா ஒரு எபிசோடு. ஆகலீன்னா ரெண்டு எபிசோடு. நீங்களே போய்க் கூப்பிட்டுப்போட்டு வாங்களேன்."

கூப்பிடத்தான் போகிறேன் என்று சார் நினைத்துக்கொண்டார். நான் ஒரு டஜன் ஆரஞ்சு வாங்கிக்கொண்டு பெருந்துறைக்குப் பஸ் ஏறினேன். வேலை போனால் போகட்டும், பெட்ஷீட் ஏலம் மறந்துபோகவில்லை என்று மனசுக்குச் சொல்லிக்கொண்டேன்.

தங்கமணியம்மா என்னைப் பார்த்ததும், "வாங்க, வாங்க, ஒக்காருங்க. வெய்யில்ல வந்திருக்கறீங்க" என்று மோர் கொடுத்தார். சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்றார். மழையைப் பற்றிப் பேசினார். தேங்காய் காய்ப்பைப் பற்றிப் பேசினார். நான் நிகழ்ச்சி என்று வாயெடுத்தபோதெல்லாம், "இன்னுங் கொஞ்சம் மோரு ஊத்தட்டுங்களா?" என்றார். மூன்று டம்ளர் ஆனபிறகு நான் டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டு உண்மையைச் சொன்னேன். தொழிலில் சேர்ந்த நாளிலிருந்து வெளியே சொல்லாததைச் சொன்னேன். சிரிப்பு காலையில் எடுத்தது, சீமாறு மத்தியானம் மூன்று மணிக்கு வந்தது, நடுவில் நாலு மணி நேரம்.

அவர் வீட்டுக்காரர் ஈஸிசேரில் சாய்ந்திருந்தவர் எழுந்தார். "ரிவைண்டு போட்டு நாலு தரம் பாத்தமுங்க. டிவிலயே காட்டறாங்க, நீங்க இல்லீங்கறீங்க."

"மேடையில நின்னீங்களேம்மா, அவங்க சிரிச்சதப் பாத்தீங்களா?"

"மூஞ்சிக்கு நேரா லைட்டு. எதுக்கால யாரு இருக்கறாங்கன்னே தெரியலீங்க" என்றார் தங்கமணியம்மா. "செரி. காத்தாலைதான் சிரிச்சாங்கன்னே வெச்சுக்குவோம். எதுக்குச் சிரிச்சாங்க?"

"நான் ஒரு சோக்குச் சொன்னனுங்க."

"அந்தச் சோக்கச் சொல்லுங்க பாக்கலாம்."

சொன்னேன். கையை ஆட்டியது, முந்நூறு பேர், வீட்டுக்காரி கேட்ட கேள்வி என்று ஒரு சொல் விடாமல் சொன்னேன்.

"அதுல என்னங்க சோக்கு?" என்றார் தங்கமணியம்மா. "அவங்க செரியாத்தானுங்களே கேட்டிருக்கறாங்க. இதுக்குப் போயி அந்தம்மா அடுத்தவிங்க தோளுல சாஞ்சு சிரிச்சாங்களாக்கும்?"

என் வேலையில் இப்படி ஒரு தோல்வி அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. உண்மையைச் சொல்லியாகிவிட்டது. அது இன்னொரு பொய் மாதிரி நடுவீட்டில் கிடந்தது. கல்யாணப் பிள்ளை கார்த்தி அறைக் கதவோரம் போனும் கையுமாக நின்றிருந்தான். திருப்பூரில் பனியன் கம்பெனி ஆபீஸில் வேலை செய்பவன். அவன் முகத்தைப் பார்க்கவே எனக்குச் சங்கடமாக இருந்தது. பார்த்தபோதுதான் ஒன்று தோன்றியது.

"தம்பி, அந்த நிகழ்ச்சி உங்க போனுல இருக்குதுங்களா?" என்றேன். தலையாட்டினான். "உங்கம்மா மூஞ்சிய மட்டும் படம் புடிச்சுக்கிட்டே இருங்க" என்று காதில் சொல்லிவிட்டு எழுந்து நின்றேன். டிவிக்காரர் வந்திருக்கிறார் என்று அதற்குள் வாசலில் ஏழெட்டுப் பேர் கூடியிருந்தார்கள். எல்லோரையும் உள்ளே கூப்பிட்டு வரிசையாக உட்கார வைத்தேன். பழைய ஏலக்குரலை எடுத்தேன்.

அரங்கத்தில் ஒருநாள் பெட்டியின் பூட்டுத் திறக்காமல் சிக்கிக்கொண்ட கதையைச் சொன்னேன். எல்லோரும் ஆச்சரியமாக வாயைத் திறந்து வைத்திருங்கள் என்று நான் சொன்ன நேரம் பார்த்துப் பூட்டு மக்கர் பண்ணியது. ஸ்குரூடிரைவர் தேடி ஆள் ஓடியது. நானும் ஓடினேன். அரைமணி கழித்து வந்து பார்த்தால், அவிநாசிப் பெரியவர் ஒருவர் இன்னும் வாயைத் திறந்தபடியே இருக்கிறார். உதட்டில் ஒரு ஈ உட்கார்ந்திருக்கிறது. "என்னுங்க ஐயா, மூடிக்கலாமில்லீங்க" என்றேன். வாயை மூடாமலேயே, "நீங்ங சொள்ளலீங்ங" என்றார் அவர்.

அந்தப் பெரியவர் பேசிய மாதிரியே வாயைத் திறந்து வைத்துக்கொண்டு சொல்லிக் காட்டினேன். தங்கமணியம்மா உதட்டைக் கடித்துப் பார்த்தார். முகத்தைத் திருப்பிப் பார்த்தார். முடியவில்லை. தூணைப் பிடித்துக்கொண்டு, "ஐயோ, போதுமுங்க, வவுறு வலிக்குது" என்று குலுங்கினார். ஈஸிசேர்க்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கார்த்தி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். எங்கள் எடிட்டர் அரைநாள் எடுக்கிற வேலையை அந்தப் பிள்ளை ஐந்து நிமிஷத்தில் முடித்தான். கல்யாணம் நடக்க வேண்டுமே. போனைக் கொண்டுவந்து அம்மா கையில் கொடுத்தான். திரையில் தங்கமணியம்மா பெட்டியைத் திறக்கிறார். சீமாறு. அடுத்த நொடி, அதே தங்கமணியம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார்.

அவர் சிரிக்கவில்லை. மறுபடி போடச் சொன்னார். இன்னொரு தரம் போடச் சொன்னார். மூன்றாவது முறை பார்த்துவிட்டுப் போனை மடியில் வைத்துக்கொண்டார்.

"ரெண்டு நாளா அந்தம்மா எத்தன தரம் போன் பண்ணுனாங்க, நா எடுக்கவே இல்லீங்க" என்றார் மெதுவாக. பிறகு கார்த்தியிடம் போனை நீட்டி நம்பர் போடச் சொன்னார். மன்னிப்பு, வருத்தம் என்று ஒரு சொல் இல்லை. "ஏனுங்க சம்மந்தி, நல்லா இருக்கறீங்களா? முகூர்த்தச் சேலைய எங்க போயி எடுக்கலாமுங்க?" என்றார். அந்தப் பக்கம் கோகிலாம்மா அழுவது எங்கள் எல்லோருக்கும் கேட்டது. அது எந்த மணிக்கு எடுத்தது என்று யாரும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

நான் செய்தது இரண்டே நாளில் சாருக்குத் தெரிந்துவிட்டது. கார்த்தியின் வீடியோ ஒரம்பரைகளின் போனெல்லாம் சுற்றி அவருக்கே வந்து சேர்ந்ததாம். கூப்பிட்டார். டீ வந்தது. வாட்சைத் துடைத்தார். வேலை போயிற்று என்று நினைத்தேன். "கட்டிங் நல்லா இருக்குதுங்க. பையன் வேலைக்கு வருவானான்னு கேட்டுப் பாருங்க" என்றார். அதோடு ஒரு சீர்திருத்தமும் செய்தார். இனிமேல் ஒரு போட்டியாளரின் சொந்தக்காரர்களை அவருடைய நிகழ்ச்சிக்கு உட்கார வைக்கக்கூடாது. அடுத்தவர் நிகழ்ச்சிக்கு உட்கார வைத்துக்கொள்ளலாம். பொய் சொல்வதை நிறுத்தவில்லை, இடம் மாற்றினோம். ஓய்வு பெறும்வரை நானும் அந்தச் சட்டப்படிதான் நடந்தேன். பெருமையாகச் சொல்ல முடியாது.

கல்யாணத்துக்குக் குடும்பத்தோடு போயிருந்தேன். முகூர்த்தம் முடிந்து, மணமக்களுக்குப் பக்கத்தில் இரண்டு சம்பந்தியம்மாக்களும் தோளோடு தோள் சேர்ந்து உட்கார்ந்திருந்தார்கள். பந்தியில் யாரை முதலில் உட்கார வைப்பது என்று காதோடு காது பேசி அப்படிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அதைப் பார்த்து வீடியோக்காரர் கேமராவோடு ஓடிவந்தார். கேமராவைக் கண்டதும் இருவர் முகமும் ஒரே நேரத்தில் இறுகி, பாஸ்போர்ட் போட்டோ மாதிரி ஆகிவிட்டது.

"அம்மா, கொஞ்சம் சிரிங்கம்மா" என்றார் அவர்.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கோகிலாம்மாதான் பேசினார்.

"இதக் கொண்டுபோயி எங்க ஒட்டுவீங்கன்னு மொதல்ல சொல்லுங்க கண்ணு. அப்பறஞ் சிரிக்கறோம்."